30 வாரத்தில் பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி ரத்த ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

கேள்வி இதுதான்: "மனைவிக்கு ரத்த அழுத்தம் கூடியதால் 30 வாரத்திலேயே சிசேரியன் செய்துவிட்டார்கள். ஆண் குழந்தை, 1,350 கிராம். என்.ஐ.சி.யு.வில் (பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில்) இருக்கிறான். தொப்புள்கொடியில் எடுத்த ரத்தத்தின் ரிப்போர்ட் கைக்கு வந்தது. பாதிக்கு மேல் சிவப்பு எழுத்து. ஆக்சிஜன் 18, பி.எச். 7.27, ஆல்புமின் 2.4, பொட்டாசியம் 6.4, கிரியாட்டினின் 0.8, மெக்னீசியம் 3.4. சிறுநீரகமோ மூளையோ பாதித்திருக்குமா? நிறைமாதக் குழந்தையென்றால் இந்த எண்கள் எப்படி இருந்திருக்கும்?"

முதலில் அந்தச் சிவப்பு எழுத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆய்வகக் கணினியில் "சரியான அளவு" என்று பதிந்து வைத்திருப்பது பெரும்பாலும் பெரியவர்களுக்கான அளவு. ஆல்புமின் 3.5 முதல் 5 வரை, பொட்டாசியம் 3.5 முதல் 5 வரை என்று உங்கள் ரிப்போர்ட்டின் ஓரத்தில் அச்சாகியிருக்கும். அந்த வரம்புக்குள் வராத எல்லாவற்றையும் இயந்திரம் சிவப்பாக்கிவிடும். பிறந்து ஒரு நிமிடம்கூட ஆகாத, அதுவும் பத்து வாரம் முன்கூட்டி வந்த பிள்ளையின் ரத்தத்துக்கு அந்த அளவுகோல் செல்லாது. கர்ப்ப வாரத்துக்கேற்ற அளவுகளை அச்சிடாமல் இப்படிப்பட்ட ரிப்போர்ட்டைப் பெற்றோர் கையில் கொடுப்பது தவறு என்றே நினைக்கிறேன். தூக்கமில்லாமல் வராந்தாவில் உட்கார்ந்திருப்பவர்களை அது வீணாகக் கலங்கடிக்கிறது.

இன்னொன்று, இந்த ரத்தத்தில் இருப்பது முழுக்க உங்கள் மகனுடைய கணக்கு அல்ல. சில எண்கள் பிரசவ நேரத்தில் நடந்ததைச் சொல்கின்றன. சில, வயிற்றில் கழித்த வாரங்களைச் சொல்கின்றன. சில எண்கள் நேராக உங்கள் மனைவியுடையவை. எது யாருடையது என்று தெரியாமல் படித்தால் எல்லாமே பயமுறுத்தும்.

ஆக்சிஜன் 18 என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம், உங்களை அதிகம் பயமுறுத்தியது அதுவாகத்தான் இருக்கும். பெரியவர்களின் தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 80 முதல் 100 மி.மீ. பாதரசம். தொப்புள்கொடியில் மூன்று குழாய்கள் உண்டு: இரண்டு தமனி, ஒரு சிரை. நம் உடம்பில் நுரையீரலிலிருந்து ஆக்சிஜன் ஏறி வருகிற ரத்தம் தமனியில் ஓடும். வயிற்றிலிருக்கும் குழந்தைக்கோ நஞ்சுதான் (நஞ்சுக்கொடி, அதாவது பிளசென்டா) நுரையீரல். அங்கே ஆக்சிஜன் ஏற்றிக்கொண்டு குழந்தைக்குள் வருவது சிரை. குழந்தையின் உடம்பு பயன்படுத்திவிட்டு நஞ்சுக்குத் திருப்பி அனுப்புவதைச் சுமப்பவை தமனிகள். அந்தச் சிரையிலேயே பிரசவ நேரத்தில் அழுத்தம் 30ஐ ஒட்டித்தான் இருக்கும், தமனியில் 15 முதல் 20. நிறைமாதக் குழந்தைக்கும் இதே கதைதான். உங்கள் மகனின் 18 முற்றிலும் எதிர்பார்த்த எண்.

இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் ஒரு சிசு எப்படி வளர்கிறது என்பது உடலியலின் அழகான விஷயங்களில் ஒன்று. சிசுவின் ஹீமோகுளோபின் வேறு வகை. பெரியவர்களின் ஹீமோகுளோபின் பாதி நிறைய ஏறத்தாழ 27 மி.மீ. அழுத்தம் வேண்டும், சிசுவின் ஹீமோகுளோபினுக்கு 20 போதும். சிவப்பணுவுக்குள் 2,3-டி.பி.ஜி. என்றொரு பொருள் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொண்டு ஆக்சிஜனைக் கழற்றிவிடும். சிசுவின் ஹீமோகுளோபினில் அது சரியாக ஒட்டுவதில்லை. அதனால் தாயின் ரத்தம் விடுகிற ஆக்சிஜனைச் சிசுவின் ரத்தம் பிடித்துக்கொள்கிறது. 30 வாரத்தில் ஹீமோகுளோபினில் 90 சதவீதத்துக்குக் குறையாமல் இந்த வகைதான், நிறைமாதத்தில் 70 முதல் 80 சதவீதம்.

அடுத்தது பி.எச். 7.27. ரத்தத்தின் அமில-கார நிலையைக் காட்டும் எண் இது, குறையக் குறைய அமிலம் அதிகம். பெரியவருக்கு 7.35க்குக் கீழே போனால் அமிலத்தன்மை கூடிவிட்டது என்போம். தொப்புள்கொடித் தமனியில் நிறைமாதக் குழந்தைகளின் சராசரியே 7.27ஐ ஒட்டித்தான். குறைமாதக் குழந்தைகளுக்கும் ஏறத்தாழ அதே சராசரி. ஆல்புமின், இரும்பு, தைராய்டு என்று எத்தனையோ எண்கள் வாரத்துக்கு வாரம் மாறும்போது பி.எச். மட்டும் ஏன் மாறுவதில்லை? அதைத் தீர்மானிப்பது குழந்தையின் உறுப்புகள் எவ்வளவு முதிர்ந்தன என்பதல்ல. பிரசவத்தின் கடைசிக் கட்டத்தில் நஞ்சு வழியாகக் கரியமில வாயு எவ்வளவு தங்குதடையின்றி வெளியேறியது, வலி வந்தபோது கொடி நெரிபட்டதா, திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாமல் லாக்டிக் அமிலம் சேர்ந்ததா என்பதே அதைத் தீர்மானிக்கிறது. அந்தக் கணக்கு 30 வாரத்திலும் 40 வாரத்திலும் ஒன்றுதான்.

பி.எச். குறைந்தால் கூடவே இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும்: கரியமில வாயுவின் அழுத்தம், கார இழப்பு (அமிலத்தைச் சமன்செய்யும் காரம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்ற அளவு). கரியமில வாயு மட்டும் ஏறி, கார இழப்பு சாதாரணமாக இருந்தால், கடைசிச் சில நிமிடங்களில் கொடி அழுந்தியிருக்கலாம். குழந்தை நன்றாக மூச்சுவிட ஆரம்பித்ததும் அது சரியாகிவிடும். கார இழப்பு லிட்டருக்கு 12 மில்லிமோலைத் தாண்டி, பி.எச். 7.0க்குக் கீழே போயிருந்தால்தான் திசுக்கள் நேரம் எடுத்துத் திணறியிருக்கின்றன என்று பொருள். மூளைப் பாதிப்பு பற்றி மருத்துவர்கள் கவலைப்படத் தொடங்கும் எல்லை அதுவே. அந்த எல்லைக்குக் கீழே போன குழந்தைகளிலும் பலர் குறையில்லாமல் வளர்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உங்கள் மகன் அந்த எல்லைக்குப் பக்கத்திலேயே போகவில்லை.

குறைமாதக் குழந்தைக்கு இந்தச் சோதனை கூடுதலாக உதவும். அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் வர்ஜீனியா அப்கார் 1952ல் உருவாக்கி 1953ல் வெளியிட்ட மதிப்பெண் முறை உங்கள் கேஸ் ஷீட்டிலும் இருக்கும்: நிறம், நாடித்துடிப்பு, முகச்சுளிப்பு, தசையின் முறுக்கு, மூச்சு ஆகிய ஐந்துக்கும் சேர்த்து 10 மதிப்பெண். 30 வாரக் குழந்தையின் தசை இயல்பாகவே தளர்ந்திருக்கும், மூச்சும் பலவீனம். ஆகவே எந்தத் திணறலும் இல்லாமல் பிறந்தாலும் மதிப்பெண் குறையும். அப்காரும் அவருடன் பணியாற்றிய ஸ்டான்லி ஜேம்ஸும் மற்றவர்களும் 1958ல் கொடி ரத்தத்தின் அமில-கார நிலையை ஆராய்ந்து எழுதினார்கள். கண்ணால் பார்த்துப் போடுகிற மதிப்பெண்ணோடு, ரத்தம் சொல்வதையும் வைத்துப் பார்க்கும் வழக்கத்துக்கு அது முக்கியமான படி. மதிப்பெண் 5, பி.எச். 7.27 என்றால், குழந்தை சோர்ந்திருப்பதற்குக் காரணம் வயது, மூச்சுத்திணறல் இல்லை என்று பிரித்துச் சொல்ல முடிகிறது.

ஆனால் நல்ல பி.எச். எதைச் சொல்லாது என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். அது பிரசவ வேளைக்கான சான்று மட்டுமே. குறைமாதக் குழந்தையின் மூளைக்கு வரும் ஆபத்துகளில் பல பிறந்த பிறகு வருபவை: முதல் மூன்று நாட்களில் மூளைக்குள் ரத்தக்கசிவு, கிருமித்தொற்று, மூச்சு நின்று நின்று வருவது. அவற்றை இந்தத் தாளில் தேடிப் பயனில்லை.

இந்த எண்களை நம்பும் முன் ரத்தம் எப்படி எடுக்கப்பட்டது என்றும் பார்க்க வேண்டும். கொடியில் 10 முதல் 20 செ.மீ. நீளத்தை இரண்டு பக்கமும் கிளாம்ப் போட்டுப் பிரித்து, ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் மருந்து தடவிய ஊசியில் தமனியிலிருந்தும் சிரையிலிருந்தும் தனித்தனியே எடுப்பதுதான் முறை. அப்படிப் பிரித்த துண்டில் பி.எச். ஒரு மணி நேரம் வரை பெரிதாக மாறாது, லாக்டேட் மட்டும் சீக்கிரமே ஏற ஆரம்பிக்கும். தமனி மெல்லியது, சிரை பெரியது. குறைமாதக் குழந்தையின் கொடியில் தமனியைக் குத்தப்போய் சிரையில் எடுத்துவிடுவது அடிக்கடி நடக்கும். இரண்டு ஊசிகளின் பி.எச்.சும் ஒரே எண்ணாக வந்தால், இரண்டுமே சிரை ரத்தம் என்று சந்தேகப்பட வேண்டும். தமனியில் குறைந்தது 0.02 தாழ்ந்திருக்க வேண்டும்.

பொட்டாசியம் 6.4க்கும் இதையே முதலில் கேட்பேன். கொடியைப் பிழிந்து எடுத்தாலோ, மெல்லிய ஊசியில் வேகமாக இழுத்தாலோ சிவப்பணுக்கள் உடையும். அவற்றுக்குள்ளிருக்கும் பொட்டாசியம் வெளியே வந்து எண்ணை ஏற்றிவிடும். கொடி ரத்தத்தில் 5 முதல் 6 வரை சாதாரணமாகப் பார்க்கிறோம். இருந்தாலும் இதை ஒதுக்கிவிடச் சொல்லமாட்டேன். மிகவும் குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கு, சிறுநீர் நன்றாகப் போகும்போதே முதல் ஓரிரு நாட்களில் பொட்டாசியம் ஏறுவதுண்டு. செல்லுக்குள் பொட்டாசியத்தை இழுத்து வைக்கும் பம்பு இன்னும் முதிராததே காரணம். 28 வாரத்துக்குக் கீழே அது அதிகம். உங்கள் மகனுக்குச் சில மணி நேரம் கழித்து நேரடியாக எடுத்த மாதிரியில் மறுபடி பார்த்திருப்பார்கள். அந்த எண்ணைக் கேளுங்கள், அதுதான் கணக்கு.

கிரியாட்டினின் 0.8 உங்கள் மகனுடைய சிறுநீரகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சிறுநீரகம் வெளியேற்றும் கழிவுப்பொருளான கிரியாட்டினின் நஞ்சைத் தாராளமாகக் கடக்கும், ஆகவே பிறந்த அன்று குழந்தையின் ரத்தத்தில் இருப்பது அம்மாவின் அளவு. உங்கள் மனைவியின் ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள், 0.8ஐ ஒட்டியே இருக்கும். இங்கே நிறைமாதமும் குறைமாதமும் பிரிவது பிறகுதான். நிறைமாதக் குழந்தைக்கு ஓரிரு வாரத்தில் 0.4 அளவுக்கு இறங்கிவிடும். குறைமாதக் குழந்தைக்கு முதல் சில நாட்கள் ஏறிவிட்டு, பிறகு வாரக்கணக்கில் மெதுவாக இறங்கும். சிறுநீரகத்தின் வடிகட்டிகள் உருவாகி முடிவதே 34-36 வாரத்தில்தான். நாளைக்கு 1.0 என்று வந்தால் அதற்காக மட்டும் கலங்காதீர்கள், சிறுநீர் எவ்வளவு போகிறது என்று கேளுங்கள்.

மெக்னீசியம் 3.4க்கும் விடை அம்மாவிடமே. ரத்த அழுத்தம் ஏறிய கர்ப்பிணிக்கு வலிப்பு வராமலிருக்க மெக்னீசியம் சல்பேட் போடுவார்கள். குறைமாதப் பிரசவம் நெருங்கும்போது குழந்தையின் மூளையைக் காக்கவும் அதே மருந்தைக் கொடுப்பதுண்டு. அது கொடி வழியாக வந்திருக்கிறது. ஓரளவு கூடினால் குழந்தை சற்றுச் சோம்பலாக இருக்கும், குடல் மெதுவாக நகரும், சில நாட்களில் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். இதேபோல் பிரசவத்தின்போது அம்மாவுக்கு உப்பில்லாத டெக்ஸ்ட்ரோஸ் பாட்டில்களை அதிகம் ஏற்றினால், குழந்தையின் கொடி ரத்தத்தில் சோடியம் குறையும். அம்மாவின் கேஸ் ஷீட்டைப் பக்கத்தில் வைக்காமல் கொடி ரத்தத்தைப் படிக்கவே கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

உண்மையிலேயே வாரங்களின் குறைவைக் காட்டும் எண், ஆல்புமின் 2.4. கல்லீரல் தயாரிக்கும் புரதம் இது, கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் படிப்படியாக ஏறும். நிறைமாதத்தில் 3 முதல் 3.5 கிராம் இருக்கும். 30 வாரத்துக்கு 2.4 நோயல்ல, அந்த வாரத்துக்கு உரிய அளவு. ஆனாலும் இந்த எண்ணுக்கு விளைவு உண்டு, அதைத்தான் அடுத்த சில நாட்களுக்கு நீங்கள் கவனிக்க வேண்டும்.

மஞ்சள் காமாலை வரும்போது பிலிருபின் என்னும் மஞ்சள் நிறப்பொருள் ஆல்புமினோடு ஒட்டிக்கொண்டுதான் ரத்தத்தில் ஓடும். ஒட்டியிருக்கும்வரை மூளைக்குள் போகாது. ஒட்ட இடமில்லாமல் மிஞ்சுவதே ஆபத்து. வேதியியல் கணக்குப்படி ஒரு கிராம் ஆல்புமின் அதிகபட்சம் 8 முதல் 9 மி.கி. பிலிருபினைப் பிடிக்கும். ஆல்புமின் 3.3 இருக்கிற நிறைமாதக் குழந்தைக்கு டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 28 மி.கி. வரை இடமுண்டு, 2.4க்கு 20தான். நடைமுறையில் இரண்டுமே இதைவிடக் குறைவு, ஏனென்றால் அமிலத்தன்மை, கிருமித்தொற்று, சில மருந்துகள் எல்லாம் அந்த இடத்துக்குப் போட்டி போடும். பக்கத்துத் தொட்டிலில் இருக்கும் நிறைமாதக் குழந்தைக்கு 12 மி.கி. என்றாலும் "பார்க்கலாம்" என்பவர்கள், உங்கள் மகனுக்கு அதைவிட மிகக் குறைந்த அளவிலேயே பிலிருபினைக் குறைக்கும் நீல விளக்கைப் போடுவதற்கு இதுவும் ஒரு காரணம். விளக்கு போட்டால் நிலைமை மோசம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கொடி ரத்தத்தின் பிலிருபின் பொதுவாக 2 மி.கி.யை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருக்கும். அது 4, 5 என்று வந்தால் வயிற்றிலேயே சிவப்பணுக்கள் உடைந்திருக்கின்றன என்று அர்த்தம். உங்கள் மனைவி ஆர்.எச். நெகட்டிவ் என்றால் கொடி ரத்தத்தில் குழந்தையின் ரத்த வகையும் கூம்ப்ஸ் சோதனையும் (அம்மாவின் எதிர்ப்புப் புரதம் குழந்தையின் சிவப்பணுவில் ஒட்டியிருக்கிறதா என்ற சோதனை) பார்த்திருப்பார்கள். அந்த முடிவை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ரிப்போர்ட்டில் இல்லாத, ஆனால் வாரங்களோடு சேர்ந்து வர வேண்டிய மற்றவற்றையும் சொல்கிறேன். தாயின் நோய் எதிர்ப்புப் புரதமான ஐ.ஜி.ஜி. கடைசி மூன்று மாதத்தில்தான் மும்முரமாகக் கடக்கும். நிறைமாதக் குழந்தையின் அளவு தாயைவிடக் கூடுதலாகவே இருக்கலாம், 30 வாரக் குழந்தைக்கு ஏறத்தாழ பாதி. என்.ஐ.சி.யு.வில் கை கழுவச் சொல்லி நர்சுகள் கறாராக இருப்பது இதனால்தான். இரும்பும் கால்சியமும் பெரும்பகுதி அந்தக் கடைசி வாரங்களில் சேர்பவை. நிறைமாதக் குழந்தையின் உடம்பில் 30 கிராம் கால்சியம் உண்டு, அதில் ஐந்தில் நான்கு பங்கு கடைசி மூன்று மாதத்து வரவு. கொடி ரத்தத்தில் கால்சியம் அம்மாவின் அளவைவிட அதிகமாகத் தெரியும், நஞ்சு அதை விடாமல் உள்ளே தள்ளிக்கொண்டிருப்பதால். கொடியை வெட்டியதும் வரத்து நிற்கும், 24 முதல் 48 மணி நேரத்தில் அளவு அடிமட்டத்துக்கு வரும். சர்க்கரையும் அப்படித்தான். கொடியில் அம்மாவின் அளவில் 70 முதல் 80 சதவீதம் இருக்கும், பிறந்த ஓரிரு மணி நேரத்தில் சரியும். நிறைமாதக் குழந்தை கல்லீரலில் சேர்த்து வைத்த கிளைகோஜனையும் உடம்பின் கொழுப்பையும் எடுத்துச் சமாளிக்கும். உங்கள் மகனிடம் அந்த இருப்பு மிகக் குறைவு, அதற்காகத்தான் டிரிப்.

நிறைமாதம் என்றாலே எல்லாம் ஒரே மாதிரி என்று நினைக்கவும் வேண்டாம். புனேயின் மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழுவினர் 2002ல் வெளியிட்ட ஆய்வில், புனேயிலும் லண்டனிலும் நிறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் கொடி ரத்தத்தை ஒப்பிட்டார்கள். புனேக் குழந்தைகள் சராசரியாக 2.8 கிலோ, லண்டனின் வெள்ளைக்காரக் குழந்தைகள் ஏறத்தாழ 3.5 கிலோ. அவ்வளவு மெலிந்தும் புனேக் குழந்தைகளின் இன்சுலின் அளவு அதிகமாகவே இருந்தது. நம்மவர்களுக்குச் சர்க்கரை நோய் இளம் வயதிலேயே வருவதை ஆராய்கிறவர்கள் பிறந்த நாளிலேயே தொடங்க வேண்டியிருக்கிறது என்று அது காட்டியது.

தைராய்டைத் தனியாகச் சொல்ல வேண்டும், தவறவிடக்கூடாதது அது. பிறந்த அரை மணி நேரத்தில் தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். பல மடங்கு ஏறிவிடும், இறங்க ஓரிரு நாளாகும். ஆகவே பிறவித் தைராய்டுக் குறைபாட்டைக் கண்டுபிடிக்கக் கொடி ரத்தத்தில் பார்ப்பார்கள், இல்லையேல் 48 மணி நேரம் கழித்துக் குதிகாலில் குத்திப் பார்ப்பார்கள். கொடி ரத்தத்தில் 20க்கு மேல் வந்தால் மறுசோதனை அவசியம். குறைமாதக் குழந்தைக்கு முதல் சோதனை சரியாக இருந்தாலும் போதாது. தைராய்டைத் தூண்டும் அமைப்பே முதிராததால் டி.எஸ்.எச். தாமதமாக ஏறலாம். இரண்டு முதல் நான்கு வாரத்தில் மறுபடி பார்க்கச் சொல்லி நீங்களே கேளுங்கள்.

மருத்துவமனைகளிடமும் எனக்கொரு வேண்டுகோள் உண்டு. 1,350 கிராம் குழந்தையின் உடம்பில் மொத்த ரத்தமே ஏறத்தாழ 120 மி.லி.தான். முதல் நாள் சோதனைகளுக்கு 3 மி.லி. எடுப்பது, பெரியவரிடமிருந்து 125 மி.லி. எடுப்பதற்குச் சமம். அதே நேரம் பிரசவ அறையில் நஞ்சு நிறைய ரத்தத்தோடு குப்பைக்குப் போகிறது. ரத்த வகை, ஹீமோகுளோபின், அணுக்களின் எண்ணிக்கை, ரத்தக் கல்ச்சர் எல்லாவற்றுக்கும் நஞ்சிலிருக்கும் ரத்தத்தையே சுத்தமாக எடுத்துப் பயன்படுத்தலாம். ஆனால் அதற்காகக் கொடியை அவசரமாகக் கட்டக்கூடாது. குறைந்தது ஒரு நிமிடம் பொறுத்துக் கட்ட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. குறைமாதக் குழந்தைகளிடம் செய்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2023ல் லான்செட் இதழில் வந்த கட்டுரை, உடனே கட்டுவதைவிடப் பொறுத்துக் கட்டினால் இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவதாகக் காட்டியது. பொறுத்துக் கட்டும்போது பி.எச். ஒரு துளி இறங்கித் தெரிந்தால் தெரியட்டும். குழந்தைக்குப் போய்ச் சேரும் ரத்தம் அதைவிடப் பெரிது.

எதிர்காலம் பற்றிய உங்கள் கேள்விக்கு இந்தத் தாளில் பதில் இல்லை. அதைச் சொல்லக்கூடியவை வேறு சோதனைகள்: முதல் வாரத்தில் எடுக்கும் தலை ஸ்கேன், வீட்டுக்குப் போகும் முன் காது கேட்கும் சோதனை, எல்லாவற்றுக்கும் மேலாகக் கண் விழித்திரைப் பரிசோதனை. 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளுக்கும் 2 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கும் பிறந்து 30 நாட்களுக்குள் அதைச் செய்தாக வேண்டும். இன்னும் சிறியவர்களுக்கு இரண்டு, மூன்று வாரத்திலேயே. குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையில் வரும் நோய் வெளியே தெரியாது. நேரத்தில் பார்த்தால் லேசர் சிகிச்சையில் பார்வையைக் காப்பாற்றலாம், நாள் தவறினால் பார்வையே போகலாம். டிஸ்சார்ஜ் சீட்டு எழுதும்போது அந்தத் தேதி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதி வாங்காமல் கிளம்பாதீர்கள்.